கத்தோலிக்கத் துறவற சபைகளும் தொண்டு இல்லங்களும் பெருகியதில் ஆயரின் (பிஷப்பின்) பங்கு வெறும் கையெழுத்துதானா?

ஆயர் இல்லத்துக்கு நடந்து நடந்து செருப்பு தேய்ந்தவர்தான் இப்படிக் கேட்பார். நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன். ஒரு மறைமாவட்ட (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) அலுவலகத்தில் பதினோரு வருடம் கணக்கு எழுதினேன்.

ஒரு அருட்சகோதரி முதியோர் இல்லம் தொடங்க அனுமதி கேட்டு வந்தார். நிலம் தானமாகக் கிடைத்தாயிற்று, கட்டிக் கொடுக்கவும் ஆள் தயார். ஆயரோ கோப்பின் ஓரத்தில் பென்சிலால் 'கிணறு யாருடையது?' என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். சிஸ்டர் என் மேசை முன்னால் உட்கார்ந்து அழுதார். நானும் மனதுக்குள் ஆயரைத் திட்டினேன். விசாரித்தால், கிணறு பங்காளிகளுக்குப் பொது; பத்திரத்தில் தண்ணீரைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதை எழுதி வாங்க எட்டு மாதம் ஆனது. அப்புறம் ஒரே நாளில் கையெழுத்து விழுந்தது. அடுத்த கோடையில் பங்காளி ஒருவர் மோட்டார் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றபோது, அந்த எட்டு மாதப் பத்திரத்தைக் காட்டித்தான் திறக்க வைத்தோம்.

கல்கத்தாவிலும் இதே கதைதான். அன்னை தெரசா ஏழைகளுக்குப் பணி செய்யும்படி 1946 செப்டம்பரில் தமக்கு இறைவனின் அழைப்பு வந்ததாகச் சொன்னார். பேராயர் ஃபெர்டினாண்ட் பெரியே விசாரித்துக்கொண்டே இருந்து, 1948 ஜனவரியில்தான் மேலிடத்துக்கு எழுத விட்டார். 1950 அக்டோபர் 7இல் அவருடைய சபை அமைந்த பிறகும், கல்கத்தாவுக்கு வெளியே இல்லம் திறக்க 1959 வரை பொறுக்க வேண்டியிருந்தது. ஆனால் 1953இல் லோயர் சர்குலர் சாலையில் சபையின் தலைமையிடமான தாய் இல்லம் வாங்கப் பணம் தந்து உதவியதும் அதே பேராயரின் மறைமாவட்டம்தான். 1965இல் சபை நேரடியாகத் திருத்தந்தையின் (போப்பின்) கீழ் வந்தது. அதே வருடம் வெனிசுவேலாவில் கால் வைத்தது.

ஆயர்களுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நல்ல விண்ணப்பத்தைக் கிடப்பில் போட்டதையும் பார்த்திருக்கிறேன். தெரசா மீதான விமர்சனங்களும் தெரியும், அது வேறு பஞ்சாயத்து. இப்போது புதிய சபை நிறுவ ஆயர் கையெழுத்து மட்டும் போதவும் போதாது. 2020 நவம்பர் முதல் வத்திக்கானின் எழுத்துமூல ஒப்புதலும் வேண்டும்.

ஊரார் பத்திரத்தையெல்லாம் அவ்வளவு துருவிப் பார்த்த அந்த அலுவலகத்தில், பதினோரு வருடமும் எனக்கு ஒரு நியமனக் கடிதம் கிடையாது. பி.எஃப். பற்றிக் கேட்டால் பொறுப்பில் இருந்த பாதிரியார் தோளில் தட்டிச் சொல்வார்: "இது இறைப்பணி, தம்பி."