விட்டதும் திரும்பிவரும் ஆற்றல்

கேள்வி: காற்றாலை இறக்கை, பாலத் தூலம் போன்ற பெரிய பாகங்களை லட்சக்கணக்கான முறை வளைத்துச் சோர்வுச் சோதனை செய்கிறார்கள். இதற்காகும் மின்சாரத்தைக் குறைக்க முடியாதா? வேகமாக ஆட்டிச் சீக்கிரம் முடித்துவிட்டால் என்ன?

பதில்: குறைக்க முடியும். மின்சாரம் எங்கே போகிறது என்பதை நான் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டேன். சோதனைக்கூடத்தில் சேர்ந்த புதிதில், ஓர் எஃகுத் தூலத்தை ஹைட்ராலிக் ஜாக்கால் வினாடிக்கு ஒருமுறை அழுத்தி அழுத்தி விடுவோம். 10 லட்சம் சுற்று முடியப் பதினொன்றரை நாள். தூலம் சில்லென்று இருக்கும். எண்ணெய்த் தொட்டியிலோ கை வைக்க முடியாது. வளைந்த தூலம் வில்லைப் போல, வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியை விட்டதும் திருப்பித் தந்துவிடுகிறது. அதை நாங்கள் வால்விலேயே சூடாக்கித் தொலைத்தோம். அந்தச் சூட்டை ஆற்ற இன்னொரு மோட்டார் வேறு ஓடியது. எனக்கு மனசே ஆறவில்லை.

பிறகு, வெல்டிங் செய்த குழாய்கள் வந்தன. குழாயில் தண்ணீர் நிரப்பி, அதிர்வில் அசையாத இரண்டு இடங்களில் தாங்கிப் பிடித்து, முனையில் எடை ஒருபக்கமாக ஒதுங்கிய சக்கரத்தைச் சுழற்றுவோம். சக்கரத்தின் வேகம் குழாயின் இயல்பு அதிர்வெண்ணை, அதாவது தட்டிவிட்டால் குழாய் தானாக வினாடிக்கு எத்தனை முறை ஆடுமோ அதை, நெருங்கியதும் குழாயே பெரிதாக ஆடத் தொடங்கும். இதுதான் ஒத்ததிர்வு. ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதைச் சொல்லும் தணிப்பு விகிதம் 1 சதவீதம் என்றால், மெதுவாக அழுத்தி அதே அளவு வளைக்கத் தேவையான விசையில் உச்சத்தில் 50-ல் ஒரு பங்கே போதும். வினாடிக்கு 28 சுற்று. 10 லட்சம் சுற்று சுமார் 10 மணி நேரத்தில் முடிந்துவிடும். விரிசல் வளர்ந்தால் விறைப்பு குறைந்து அதிர்வெண் இறங்கும் என்பதால், கண்ணுக்குத் தெரியுமுன்பே சந்தேகம் வந்துவிடும். காற்றாலை இறக்கைகளையும் இப்படித்தான் ஆட்டுகிறார்கள். நீளமும் நெகிழ்வும் அதிகம் என்பதால் அவை மெதுவாகவே ஆடும்.

வேகத்தைப் பற்றிக் கேட்டீர்களே, அங்கேதான் கவனம் வேண்டும். கடல் நீரோட்டத்தில் சுழலும் விசையாழி இறக்கைகள் குட்டையானவை, மிக விறைப்பானவை. அதனால் அவற்றின் இயல்பு அதிர்வெண் அதிகம். அந்த வேகத்தில் ஆட்டினால் இழையும் பிசினும் சேர்ந்த உடல் உள்ளுக்குள் சூடாகிவிடும். பிசின் இளகி இறக்கை உடைந்தால், அது கடலில் நேரும் சேதமே அல்ல, சோதனையே பொய்யாகிவிடும்.

ஆகவே இவற்றை மெதுவாகத்தான் வளைக்க வேண்டும். 2022-ல் ஸ்காட்லாந்தின் ரோசைத்தில் எடின்பரோ பல்கலைக்கழகமும் பேப்காக் நிறுவனமும் திறந்த ஃபாஸ்ட்பிளேட் சோதனைக்கூடம் இதற்காகவே அமைந்தது. இறக்கை நிமிரும்போது தள்ளும் எண்ணெய், பம்பையே மோட்டாராக ஓட்டுகிறது. மீண்ட ஆற்றல் அடுத்த வளைப்புக்கு உதவுகிறது. அன்று எங்கள் தொட்டியைச் சுடவைத்த அதே ஆற்றல்தான் இது!