பின்னால் ட்ரெய்லர் இழுக்க டீசல் பிக்கப் நல்லதா, கேஸ் பிக்கப் நல்லதா?

டீசல்தான். கேஸ் வண்டியில் செலவு குறைகிறதே, அதிலேயே ட்ரெய்லரையும் இழுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாகத் தொழில் தொடங்குகிறீர்கள், கையில் இருப்பதைப் போட்டு மிச்சத்துக்கு லோன் எடுக்கப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் கேஸ் வண்டி வாங்கினேன், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். அமெரிக்க வீடியோக்களில் 'கேஸ்' என்று சொல்வது பெட்ரோலை. அங்கே 7.3 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சினெல்லாம் ட்ரக்கில் வருகிறது, அது வீட்டையே இழுக்கும். நம்மூரில் கேஸ் என்றால் சிஎன்ஜி, சிலிண்டரில் அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு. அந்த வீடியோவைப் பார்த்து இந்த வண்டியை வாங்கிவிடாதீர்கள்.

எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம் சவுண்ட் சர்வீஸும் சீரியல் லைட் செட்டும் உண்டு. கோயில் திருவிழாவை எங்கள் பக்கம் கொடை என்போம். அந்த சீசனில் ஜெனரேட்டரை ரெண்டு சக்கர ட்ரெய்லரில் வைத்து வண்டிக்குப் பின்னால் மாட்டித்தான் போவோம். கூண்டோடு சேர்த்து ஒரு டன்னுக்கு மேல் வரும். கேரளாவில் ஆரியங்காவு தாண்டி எஸ்டேட்டில் நம்மூர் ஆட்கள் நடத்துகிற அம்மன் கொடைக்கு ஒரு வருஷம் அந்தக் கேஸ் வண்டியில் போனோம். செங்கோட்டை வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. மலை ஏறுகிற புளியரை எஸ் வளைவில் எனக்கு முன்னால் கல் லோடு லாரி ஒன்று நின்றுவிட்டது, நானும் ஏற்றத்திலேயே நிற்க வேண்டியதாகிவிட்டது. லாரி நகர்ந்ததும் ஃபர்ஸ்ட் கியரைப் போட்டு கிளட்சை விட்டேன், எஞ்சின் ஆஃப். மறுபடி ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்து ஹாஃப் கிளட்சில் எடுத்தேன், கருகின வாடைதான் வந்தது, வண்டி நகரவில்லை. அடுத்த தடவை ஹேண்ட் பிரேக்கை இறக்கியதும் பின்னாலேயே போக ஆரம்பித்தது. "அண்ணாச்சி, ட்ரெய்லர் மடங்குது!" என்று கூட வந்த பையன் கத்தினான். குதித்து, ரோட்டோரம் கிடந்த கல்லை இரண்டு கையாலும் தூக்கி ட்ரெய்லர் சக்கரத்துக்கு அடியில் போட்டான். கல் அரை அடி நகர்ந்து நின்றது. அந்தப் பக்கம் பள்ளம். அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

புனலூரில் காய்கறி இறக்கிவிட்டு வந்த ஒரு பழைய டீசல் பிக்கப்காரர்தான் வண்டியைத் திருப்பி, ஜெனரேட்டரை அவர் கொக்கியில் மாட்டி மேலே கொண்டுபோய் விட்டார். காசு வாங்கவில்லை, டீ மட்டும் குடித்தார். அவர் வண்டி காலி, உங்கள் வண்டியில் ஸ்பீக்கர் பாக்ஸும் லைட்டும் இருந்ததே என்று கேட்பீர்கள். சரி. அடுத்த வருஷம் 2.5 லிட்டர் டீசல் வாங்கி அதே சாமான், அதே ஜெனரேட்டரோடு அதே வளைவில் வேண்டுமென்றே நிறுத்தி எடுத்தேன். மெதுவாக ஏறிவிட்டது.

காரணம் பெரிய ரகசியமில்லை. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, காற்றைப் பதினாறு பதினேழு மடங்கு அழுத்தி அந்தச் சூட்டிலேயே எரிக்கிறது. காற்றைக் கூடுதலாக உள்ளே தள்ளுகிற டர்போவும் சேர்ந்தால், எஞ்சின் நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்றை எட்டுவதற்குள்ளேயே முழு இழுவையும் வந்துவிடும். நின்ற இடத்திலிருந்து பாரத்தை அசைக்க அதுதான் வேண்டும். சிஎன்ஜியில் கேஸே காற்றின் இடத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது, அதனால் அதே அளவு எஞ்சினில் பலம் குறையும்.

கேஸ் வண்டியை நான் குறை சொல்லவில்லை. பாளையங்கோட்டைக்குள் தண்ணீர் கேன் போடுகிறவருக்கு அதுதான் லாபம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டர் டெஸ்ட் மட்டும் மறக்கக் கூடாது. டீசலிலும் தொந்தரவு உண்டு. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகள் பலவற்றில் புகை வடிகட்டி இருக்கிறது, தெருவுக்குள்ளேயே ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். அது அடைக்காமல் இருக்க நான் வாரம் ஒருமுறையாவது நான்கு வழிச்சாலையில் நாங்குநேரி வரை விரட்டிவிட்டு வருவேன்.

புளியரையில் மாட்டிக்கொண்ட அன்றைக்கு இரண்டு மணி நேரம் லேட். கமிட்டிக்காரர்கள் வாடகையில் மூவாயிரம் பிடித்துக்கொண்டார்கள். விடிய விடிய ஜெனரேட்டர் ஓடியது, ஒரு நிமிஷம் லைட் அணையவில்லை, அதை ஒருத்தரும் சொல்லவில்லை.

எந்த வண்டி வாங்கினாலும் ட்ரெய்லருக்குத் தனியாகப் பதிவு வேண்டும். இறக்கத்தில் ஏறின கியரிலேயே இறங்குங்கள், பிரேக் இல்லாத ட்ரெய்லர் பின்னால் இருந்து தள்ளும். சக்கரத்துக்கு அடை வைக்க இரண்டு மரக்கட்டை எப்போதும் வண்டியில் இருக்கட்டும். என்னுடையது பூவரசங்கட்டை, சீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது.