அண்ணாச்சி, மகள் அரசு வக்கீல் ஆகட்டும். நீங்கள் அந்த ஐந்து வருடத்துக்குத் தயாராகுங்கள்

அண்ணாச்சி, வணக்கம். அம்பாசமுத்திரத்தில் கடை வைத்திருக்கிறீர்கள், ஒரே மகள் பிளஸ் டூ படிக்கிறாள், சட்டம் படித்து அரசு வக்கீல் ஆவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு சார் இந்தக் கொலை கேஸும் வெட்டுக்குத்தும், பேசாம டீச்சருக்குப் படிக்கச் சொல்லுங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. படிக்க விடுங்கள் என்றுதான் சொல்லப் போகிறேன். ஆனால் நீங்கள் பயப்படுகிற இடம் ஒன்று, கவலைப்பட வேண்டிய இடம் இன்னொன்று. அந்த இரண்டாவது இடத்தைப் பற்றிப் பேசத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கமலா ஹாரிஸைப் பற்றிப் படித்ததிலிருந்துதான் பாப்பாவுக்கு இந்த ஆசை வந்தது என்கிறீர்கள். நல்லது. மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம்தான் அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊர் என்பதால் நம் பிள்ளைகள் அவரைக் கவனித்தார்கள். 2004 முதல் 2011 தொடக்கம் வரை அவர் சான் பிரான்சிஸ்கோவின் மாவட்ட அரசு வழக்கறிஞராக இருந்தார். அங்கே அந்தப் பதவிக்கு மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். வழக்கு நடத்துவதோடு அந்த அலுவலகத்தின் வேலை முடிவதில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணை நிற்க அங்கேயே தனி ஆட்கள் உண்டு, பள்ளிக்கூடங்களுக்குப் போவார்கள், குடியிருப்புக் கூட்டங்களில் பேசுவார்கள். முதல் தடவை போதைப்பொருள் விற்று மாட்டிய இளைஞர்களைச் சிறைக்கு அனுப்பாமல், நீதிமன்றக் கண்காணிப்பில் படிப்பும் வேலைப் பயிற்சியும் கொடுக்கிற ஒரு திட்டத்தை 2005-ல் அவர் அலுவலகம் தொடங்கியது. பாப்பா மனதில் இருக்கும் படம் இதுதான் என்றால், நம் ஊரில் இதெல்லாம் ஒரே கூரையின் கீழ் இல்லை என்பதை இப்போதே அவளிடம் சொல்லிவிட வேண்டும். இந்த வேலைகள் இங்கேயும் நடக்கின்றன, ஆனால் பல அலுவலகங்களில் பிரிந்து கிடக்கின்றன. எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

முதலில் நம் ஊர் அரசு வக்கீல்களில் இரண்டு வகை உண்டு, வெளியே இருப்பவர்கள் இதைப் பெரும்பாலும் குழப்பிக்கொள்கிறார்கள். கொலை போன்ற பெரிய வழக்குகள் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே நிற்பவரைத்தான் பி.பி. என்கிறோம். குறைந்தது 7 ஆண்டு வக்கீல் தொழில் பார்த்தவர்களின் பெயர்ப் பட்டியலை மாவட்ட ஆட்சியர் செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து தயாரிப்பார், அதிலிருந்து அரசு நியமிக்கும். மறைக்காமல் சொல்கிறேன், ஆட்சி மாறினால் இந்தப் பதவிகளில் இருப்பவர்களும் பெரும்பாலும் மாறுவார்கள். இன்னொரு வகை, மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் அடிதடி, திருட்டு, விபத்து வழக்குகளை நடத்துகிற ஏ.பி.பி., அதாவது உதவி அரசு வழக்கறிஞர். இது டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி வருகிற நிரந்தர அரசு வேலை, சம்பளமும் பதவி உயர்வும் உண்டு. பாப்பா குறி வைக்க வேண்டியது இதைத்தான். யாருடைய சிபாரிசும் வேண்டாம் என்பது நம்மைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரிய விஷயம் அண்ணாச்சி.

இவர்கள் போலீஸுக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் இல்லை. போலீஸ் துறையிலிருந்து அரசு வக்கீல்களைப் பிரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. இன்ஸ்பெக்டர் கொண்டுவருகிற கேஸ் கட்டில் ஓட்டை இருந்தால் இருக்கிறது என்று சொல்வதும் இவர்கள் வேலைதான். ஒரு வழக்கை அரசு திரும்பப் பெற நினைத்தாலும், அரசு வக்கீல் தானே யோசித்து முடிவெடுத்து நீதிமன்றத்தின் சம்மதம் வாங்க வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் பாதிக்கப்பட்டவரையும் கேட்க வேண்டும். எதிரில் நிற்பவனை எப்படியாவது உள்ளே தள்ளுவது அவர்கள் கடமை இல்லை, அவனுக்குச் சாதகமான சாட்சியம் இருந்தால் அதை மறைக்கவும் கூடாது. பாப்பாவுக்கு நியாய உணர்ச்சி அதிகம், சண்டைக்கு நிற்பாள் என்று எழுதியிருந்தீர்கள். நியாய உணர்ச்சி இருக்கட்டும், சண்டைக் குணத்தை மட்டும் கொஞ்சம் அடக்கப் பழக வேண்டியிருக்கும்.

அன்றாட வேலை எப்படி இருக்கும்? சினிமாவில் வருகிற நீளமான வசனம் எதுவும் கிடையாது. காலையில் பெஞ்ச் கிளார்க் வழக்கு எண்ணைக் கூப்பிடுவதற்கு முன்னால், சேரன்மகாதேவிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் ஒரு சாட்சி வராண்டாவில் நிற்பார். அவருக்குச் சம்மன் வந்ததுதான் தெரியும், எதற்கு வந்தோம் என்பதே மறந்திருக்கும், ஏனென்றால் சம்பவம் நடந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். எதிர்த்தரப்புக்காரன் அதே வராண்டாவில் இரண்டு தூண் தள்ளி நின்று அவரையே பார்த்துக்கொண்டிருப்பான். அந்தச் சாட்சி பயப்படாமல், பார்த்ததைப் பார்த்தபடி, கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும், அதற்கு வழி செய்வதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது. வாய்தா மேல் வாய்தா போய் கடைசியில் அவர் முன்பு சொன்னதை மாற்றிப் பேசிப் பிறழ் சாட்சி ஆகிவிட்டால், எவ்வளவு சட்டம் தெரிந்தும் பயனில்லை. நம் பக்கத்தில் இது பெரும்பாலும் சாதியாலும் உறவாலும் ஊர்க் கட்டுப்பாட்டாலும் நடக்கிறது, அது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு குழு உண்டு. மாவட்ட நீதிபதி தலைவர், மாவட்டக் காவல்துறைத் தலைவர் உறுப்பினர், அரசு வழக்கு நடத்தும் பிரிவின் மாவட்டத் தலைவர்தான் உறுப்பினர் செயலாளர். அதாவது மிரட்டப்படும் சாட்சியின் மனு முதலில் வந்து சேரும் இடம் அரசு வக்கீலின் மேசை. போலீஸிடம் ஆபத்து எவ்வளவு என்று அறிக்கை கேட்டு, வீட்டுக்குக் காவல் போடுவது முதல் ஊர் மாற்றி வைப்பது வரை அந்தக் குழு உத்தரவிடலாம். சட்டத்தில் இருக்கிற இந்த வழியைக் கிராமத்துச் சாட்சிகள் வரைக்கும் கொண்டுபோக ஆள் வேண்டும். உங்கள் மகளைப் போன்ற, அந்த ஊர்ப் பேச்சுப் பேசுகிற, அந்த பயம் எப்படிப்பட்டது என்று தெரிந்த ஆள் வேண்டும்.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் வழக்குகளும் அப்படித்தான். குழந்தையிடம் வக்கீல்கள் நேராகக் கேள்வி கேட்கக் கூடாது, நீதிபதியிடம் கேள்வியைக் கொடுத்து அவர் வழியாகத்தான் கேட்க வேண்டும். சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவன் குழந்தையின் கண்ணில் படக் கூடாது. பெண் அரசு வக்கீல் ஒருவர் அருகில் இருந்தால் அந்தக் குழந்தைக்கும் தாய்க்கும் எவ்வளவு தைரியம் வரும்! பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

சரி, பயத்துக்கு வருகிறேன். 2024 டிசம்பரில் பாளையங்கோட்டையில் மாவட்ட நீதிமன்ற வாசலிலேயே ஒருவரை வெட்டிக் கொன்றதை நீங்கள் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது நம் எல்லாரையும் உலுக்கியது, உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. ஆபத்தே கிடையாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மாதிரிப் பழிவாங்கலின் குறி எதிர்த்தரப்பு ஆட்களும் சாட்சிகளும்தான். அரசு வக்கீல் தன் வேலையைச் செய்கிறார் என்பது எதிரிக்கும் தெரியும். இப்போதே மாநிலம் முழுக்கப் பல நீதிமன்றங்களில் பெண்கள் இந்த வேலையைப் பார்க்கிறார்கள். இந்தப் பயத்துக்காக ஒரு பிள்ளையின் படிப்பை மாற்றுவது சரியில்லை என்பது என் முடிவு.

கவலைப்பட வேண்டிய இடம் என்றேனே, அது பணமும் காலமும்.

ஏ.பி.பி. தேர்வு எழுத சட்டப் பட்டம் மட்டும் போதாது. வக்கீல்களைப் பதிவு செய்கிற பார் கவுன்சிலில் பதிந்து, குற்றவியல் நீதிமன்றங்களில் 5 ஆண்டுக்குக் குறையாமல் தொழில் பார்த்திருக்க வேண்டும். ஆக, ஐந்து வருடப் படிப்பு, அதற்கு மேல் ஐந்து வருடத் தொழில். அறிவிப்பும் வருடா வருடம் வருவதில்லை. பாப்பாவுக்கு இப்போது 17 என்றால், முதல் தடவை தேர்வு எழுதும்போது 27, 28 ஆகியிருக்கும். இந்த இடைவெளியில்தான் நிறைய பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், கழன்றுபோகிறார்கள். சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தால் ஆரம்பத்தில் பஸ் செலவுக்கே திண்டாட்டம்தான். சென்னை, மதுரை, கோவை தவிர்த்த மாவட்டங்களில் ஜூனியருக்கு மாதம் 15,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொன்னது. ஆனால் அதை நம்பிக் குடும்பக் கணக்குப் போடாதீர்கள், கொடுப்பவர்கள் குறைவு. நீங்கள் கடை வைத்த புதிதில் லாபம் பார்க்காமல் முதல் போட்டுக்கொண்டே இருந்திருப்பீர்களே, அப்படித்தான் இதுவும். "நாலு வருசமா கோர்ட்டுக்குப் போறா, என்ன சம்பாதிச்சா" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். இதற்கு நடுவில் கல்யாணப் பேச்சு வரும். அப்போது இந்தக் கணக்கை மாப்பிள்ளை வீட்டிலும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

படிப்புச் செலவைப் பற்றி அவ்வளவு பயப்பட வேண்டாம். திருநெல்வேலியிலேயே 1996 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, கட்டணம் தனியார் கல்லூரியோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. அம்பையிலிருந்து செங்கோட்டை ரயிலிலோ பஸ்ஸிலோ தினமும் போய்வரலாம். ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பாப்பா ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் சட்டப் படிப்பும் வருகிறது, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் வேண்டுமென்றால் கிளாட் என்கிற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், செலவும் அதிகம்; ஏ.பி.பி. ஆவதற்கு அது அவசியமே இல்லை. படித்து முடித்ததும் பார் கவுன்சிலில் பதிவதற்குப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. முன்பெல்லாம் இதற்கே பல ஆயிரம் போகும்.

படிக்கும்போதே இன்னொன்று செய்யச் சொல்லுங்கள். பாப்பா ஆசைப்படுகிற அந்த மக்கள் பணி இங்கே முக்கியமாக மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் இருக்கிறது. பள்ளிகளில் சட்ட விழிப்புணர்வு முகாம், பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீடு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல், எல்லாம் அங்கேதான். சட்ட மாணவர்களையும் அங்கே சட்டத் தன்னார்வலர்களாக எடுக்கிறார்கள். 2023-ல் நாங்குநேரியில் பள்ளிப் பையனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, மாணவர்களிடையே சாதி வன்மத்தை ஒழிக்க என்ன செய்யலாம் என்று 2024-ல் அறிக்கையும் வந்தது. அறிக்கை வரும், ஆனால் வகுப்பறையில் போய் அந்தப் பையன்களிடம் உட்கார்ந்து பேசுவதற்கு நம் மாவட்டத்தில் ஆட்கள் போதாது. பத்தொன்பது, இருபது வயதில் ஒரு சட்ட மாணவி போய்ப் பேசினால் அவர்கள் காது கொடுப்பார்கள் என்று நான் நம்புகிறேன். அரசு வக்கீல் ஆகும் முன்பே அவள் தொடங்கிவிடக்கூடிய வேலை இது.

அந்த ஐந்து வருடத்தில் வருமானத்துக்கு ஒரு சின்ன வழியும் உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கீழ், வசதியில்லாத குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் முழுநேர வக்கீல்களை 2022-லிருந்து மாவட்டங்களில் நியமிக்கிறார்கள், மாத மதிப்பூதியம் உண்டு, உதவியாளர் இடங்களுக்கு இளையவர்களும் விண்ணப்பிக்கலாம். எதிர்த்தரப்பில் நின்று பழகியவர்கள் பின்னால் நல்ல அரசு வக்கீல் ஆகிறார்கள் என்பது நான் பார்த்தது. சிவில் நீதிபதித் தேர்வுக்கு இப்போது 3 ஆண்டு தொழில் அனுபவம் போதும், அதையும் எழுதட்டும். நடுவில் நீதிமன்றமே ஒத்துவரவில்லை, மனிதர்களோடு இருக்கிற பகுதிதான் பிடித்திருக்கிறது என்றால், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை இருக்கிறது, அதில் முதுகலை படித்துவிட்டு குழந்தைகள் பாதுகாப்பு, நன்னடத்தை அலுவலர் போன்ற பக்கம் போகலாம்.

பாப்பாவிடம் சொல்ல இன்னும் ஒன்று. 2024 ஜூலை 1 முதல் மூன்று குற்றவியல் சட்டங்களும் மாறிவிட்டன, ஆனால் அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டம்தான். அவள் தொழிலுக்கு வரும்போதும் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும், இரண்டையும் படிக்க வேண்டும். இங்கே சாட்சியம் தமிழில்தான், அதனால் தமிழ் வழிப் படிப்பு என்று தயங்க வேண்டாம். மேல்முறையீடு மதுரைக் கிளைக்குப் போனால் ஆங்கிலம் வேண்டும், அதற்கு இப்போதிருந்தே தினமும் தீர்ப்பு ஒரு பக்கமாவது வாசிக்கட்டும்.

பரீட்சை முடிந்த வாரத்தில் கடையை ஒரு நாள் அடைத்துவிட்டு அவளை அம்பை நீதிமன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். திறந்த நீதிமன்றம்தான், யாரும் உள்ளே உட்காரலாம், செல்போனை மட்டும் அணைத்துவிடுங்கள். பாலியல் வழக்குகள் நடக்கும்போது வெளியே வந்துவிட வேண்டும். காலை பத்தரையிலிருந்து மத்தியானம் வரை இருங்கள். வாய்தா எத்தனை, சாட்சி எத்தனை, ஏ.பி.பி. எப்படிப் பேசுகிறார், எதையெல்லாம் பேசாமல் விடுகிறார் என்று இரண்டு பேரும் பாருங்கள். அதற்குப் பிறகும் அவள் இதையே கேட்டால், சாதிச் சான்று, வருமானச் சான்று, உங்கள் வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்று, மூன்றையும் ரிசல்ட் வரும் முன்பே இ-சேவை மையத்தில் வாங்கி வைத்துவிட்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள். விண்ணப்பம் போடும்போது நானும் கூட இருக்கிறேன்.