குளத்தங்கரையில் என்ன சோலி?

அன்புள்ள அம்மா,

வணக்கம். எனக்கு 23 வயது. சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் வந்து சேரும் ஒரு சிற்றூர். பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்தேன். இப்போது வீட்டில் இருந்தபடி குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

மாலையில் குளத்தங்கரைக்குப் போய்ப் பறவைகள் பார்ப்பேன். என்ன வந்தது, எத்தனை வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நூலகம். இரவில் செல்போனில் சதுரங்கம். இதெல்லாம் வெட்டி வேலைதான் என்று எனக்கும் தெரியும். தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். அது முடிந்ததும் சென்னையில் விடுதியில் தங்கிப் பயிற்சி வகுப்பில் சேரலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன் ஒரு கேமரா வாங்க ஆசை.

நாட்டு நடப்பைப் பற்றியும் எனக்குக் கருத்துகள் உண்டு. ஓட்டுப் போடுவதைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும். பாபநாசத்தில் பரிகாரம் செய்ய வருகிறவர்கள் தாமிரபரணி ஆற்றில் துணிகளை விட்டுவிட்டுப் போவதைத் தடுக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு கட்டுவதை ஒழிக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் கிராம சபைக்கு வருவதே இல்லை, அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை. இதையெல்லாம் வீட்டில் பேசினால், முதலில் பரீட்சையைப் பார் என்கிறார்கள். தேர்வு முடியும்வரை பறவைகளையும் கருத்துகளையும் மூட்டை கட்டி வைத்துவிடலாமா?

என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் படித்துறைகளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் திருநெல்வேலியில் ஆற்றங்கரை முருகன் கோவில் இருக்கும் குறுக்குத்துறைக்குப் போயிருந்தேன். ஆற்றில் தண்ணீர் நன்றாக ஓடியது. குளித்துக்கொண்டிருந்தவர்களும், மண்டபத்து நிழலில் படுத்திருந்தவர்களும், கல்லில் உட்கார்ந்து கதை பேசியவர்களும் ஆண்கள். முருகனைக் கும்பிட வந்த பெண்கள் கும்பிட்ட கையோடு திரும்பிப் போனார்கள். உட்கார்ந்தவள் ஒருத்தி கூட இல்லை. அந்தக் காட்சி மனதில் கிடந்து உறுத்திக்கொண்டிருக்கும்போது, குளத்தங்கரையில் தனியாக நின்று பறவைகளை எண்ணும் ஒரு பெண், அதை வெட்டி வேலை என்று எனக்கு எழுதுகிறாள்.

முதலில் உன் கருத்துகள். ஓட்டைக் கட்டாயமாக்குவது பற்றி எனக்கு ஆர்வம் இல்லை. வாக்குச்சாவடிக்கு வராதவனைத் தண்டித்து அழைத்து வருவதால் ஊருக்கு என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. பாபநாசத்துத் துணிகளைப் பற்றி நீ சொல்வது சரி. பலரும் எழுதிவிட்டார்கள், பலரும் இறங்கி அள்ளிப் போட்டுக்கொண்டும் இருக்கிறார்கள், நீயும் ஒருநாள் போய் அள்ளு. சாதிக் கயிற்றை இரண்டு வரியில் முடிக்க மாட்டேன். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சாதி காரணமாகச் சக மாணவர்களால் வெட்டப்பட்டதற்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு அமைந்தது, மறு ஆண்டே அறிக்கையும் வந்தது. அதை முழுக்க வாசித்துவிட்டு எனக்கு எழுது. தனியாகப் பேசுவோம்.

பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்ற உன் நான்காவது கருத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

இந்த வாக்கியத்தை உனக்கு யார் கொடுத்தார்கள்? ஏதோ ஒரு கருத்தரங்கில் ஒலிபெருக்கி முன்னால் நின்ற யாரோ சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டு வந்து உன் அம்மாவின் தலையில் வைத்திருக்கிறாய். கிராம சபை கூடும் ஆறு நாட்களையும் எடுத்துப் பார். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆறில் நான்கு பொது விடுமுறை. விடுமுறை என்றால் வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள் என்று பொருள். அன்றைக்குத்தான் அடுப்படியில் வேலை இரட்டிப்பு. கூட்டம் பெரும்பாலும் காலை 11 மணிக்கு. அந்த நேரத்தில் உன் அம்மா எங்கே நிற்பாள் என்று நீ அறியாதவளா? கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், நீ கிராம சபைக்குப் போனதாக ஒரு வரி இல்லை. வராத பெண்களின் கணக்கில் உன்னையும் சேர்த்துக்கொண்டு பேசு.

வருகிற பெண்களும் உண்டு. ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் கூட்டத்துக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கும் மேல் 300 பேர் வர வேண்டும் என்று குறைவெண் வரம்பு இருக்கிறது. அந்த எண்ணிக்கையை நிரப்புவதற்காக, நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை வரவழைத்து உட்கார வைத்து, கையெழுத்தையும் கைரேகையையும் வாங்கிக்கொண்டு அனுப்புகிற ஊர்கள் எத்தனையோ. 2016இல் சட்டத்தைத் திருத்தி உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். நல்ல சட்டம். ஆனால் தலைவியிடம் கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் நிற்கும் கணவர் பதில் சொல்வதை நீயும் பார்த்திருப்பாய். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, கூட்டத்துக்குப் போய் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று வீட்டில் இருந்துவிடுகிறவளுக்கு விழிப்புணர்வு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

எங்கள் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கல்லிடைக்குறிச்சியில் வீடு. விடிவதற்கு முன் குடத்தோடு ஆற்றுக்குப் போவாள். விடுமுறைக்குப் போகும் நானும் பின்னாலேயே போவேன். அங்கே படித்துறையில் நடந்த பேச்சுக்கு நிகராக நான் எந்தச் சபையிலும் கேட்டதில்லை. எந்த மடை திறந்தது, யார் வீட்டில் அடி விழுந்தது, கார் நெல்லுக்கு என்ன விலை, எந்த ஊரிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள் என்று எல்லாம் அங்கே வரும். அப்பளம் இடப் போகும் பெண்கள் கூலியை அங்கேதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

ஒருநாள் மண்ணெண்ணெய்ப் பேச்சு வந்தது. அந்தத் தெருப் பக்கம் இருந்த ரேஷன் கடையில் ஒருத்திக்கு ஒரு அளவும் இன்னொருத்திக்கு வேறு அளவும் ஊற்றியிருக்கிறார்கள் என்பது பேச்சுவாக்கில் வெளியே வந்துவிட்டது. மறுநாள் விடியற்காலையில் எல்லோரும் குடத்தோடு கார்டையும் கொண்டுவந்தார்கள். ஐந்தாம் வகுப்பு படிக்கும் என்னைப் படியில் நிறுத்தி, "ஏட்டி, சத்தமாக வாசி" என்றாள் ஆச்சி. நான் ஒவ்வொரு கார்டாக வாசித்தேன். கடைக்காரர் எழுதியிருந்த அளவு எல்லாக் கார்டிலும் ஒன்றுதான். வீட்டுக்கு வந்து சேர்ந்த அளவுதான் ஆளுக்கு ஆள் வேறு. வாசித்து முடிக்கும்வரை ஒருவரும் துணி துவைக்கவில்லை. அடுத்த முறை கடை திறந்த நாளில் அத்தனை பேரும் டின்னோடும் சொந்தப் படியோடும் போய் நின்றார்கள். அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்கு அளவு குறையவில்லை.

அந்தப் பெண்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. தினமும் கூடுவதற்கு ஓர் இடம் இருந்தது, கூடுவதற்கு யாரும் மறுக்க முடியாத ஒரு காரணமும் இருந்தது. அவ்வளவுதான்.

பிறகு குழாய் வந்தது. வந்ததற்காக நான் ஒருபோதும் வருந்த மாட்டேன். மார்கழிப் பனியில் நிறைகுடத்தோடு வழுக்குப் படியேறி ஆச்சியின் இடுப்பு ஒடிந்தது எனக்குத் தெரியும். அந்தக் காலத்தை ஏங்கிப் பாடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது பெண்கள் இழந்த இடத்துக்குப் பதிலாக வேறொன்றை யாரும் அமைத்துக் கொடுக்கவில்லை. இழந்தார்கள் என்று கூட யாரும் குறித்து வைக்கவில்லை. ஆண்களுக்கு டீக்கடை பெஞ்சு இருக்கிறது, சலூன் இருக்கிறது, கோவில் திண்ணை இருக்கிறது, குளத்துக் கலுங்கு இருக்கிறது. அவர்கள் அங்கே ஒன்றும் செய்யாமல் உட்காரலாம். பெண் வெளியே வந்தால் எங்கேயாவது போய்க்கொண்டிருக்க வேண்டும், எதையாவது தூக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

உன் வயதில் நான் மாலை நேரத்தில் மடைக்குப் பக்கத்தில் நிற்பதுண்டு. கடந்து போகிற யாராவது கேட்பார்கள்: "குளத்தங்கரையில் உனக்கு என்ன சோலி?" எனக்குச் சோலி ஒன்றும் இல்லை. வெயில் தாழும்போது தண்ணீரைப் பார்க்கப் பிடித்தது, நின்றேன். அந்தக் கேள்விக்கு அஞ்சி, கன்றுக்குட்டியைத் தேடி வந்தேன் என்று பொய் சொல்லப் பழகிய தோழிகள் எனக்கு இருந்தார்கள். இன்றைக்கு நீ கையில் குடமும் புல்லுக்கட்டும் இல்லாமல் அதே மாதிரிக் கரையில் நிற்கிறாய். அதை நீயே வெட்டி வேலை என்று சொல்வதைப் பொறுக்க முடியவில்லை. உன்னைக் கேட்பவர்களுக்கு உன் நோட்டைக் காட்டலாம். நோட்டு இல்லாவிட்டாலும் அங்கே நிற்பதற்கு உனக்கு உரிமை உண்டு என்பதுதான் என் கட்சி.

அந்த நோட்டுக்குப் பயன் உண்டா என்றால் உண்டு. 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் அதை நடத்துகிறது, பொதுமக்களும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். உன் ஊர்க் குளத்தைத் தினமும் பார்த்து எழுதிய நோட்டோடு ஒருத்தி போனால் அவர்கள் எவ்வளவு மகிழ்வார்கள் என்று நினைத்துப் பார். திருப்புடைமருதூர் உனக்குப் பக்கம்தானே? கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் இடத்தில், நாறும்பூநாதர் கோவிலைச் சுற்றியுள்ள மரங்களில் பறவைகள் கூடு கட்டுவதால் 2005இல் அந்த இடத்தையே காப்பகமாக அறிவித்தார்கள். கூந்தன்குளம் 1994இலேயே சரணாலயம் ஆகிவிட்டது. அங்கே மஞ்சள்மூக்கு நாரைகளை, பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகள்கள் என்று சொல்கிறார்கள். பட்டாசு வெடிக்க மாட்டார்கள். வீட்டு மரத்திலேயே கூடு இருப்பதால் பெண்கள் முற்றம் பெருக்கிக்கொண்டே பறவையைப் பார்க்கிறார்கள். அவர்களிடம் யாரும் என்ன சோலி என்று கேட்பதில்லை.

பஸ்ஸைப் பற்றி நீ ஒரு வரி கூட எழுதவில்லையே என்று இருந்தது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு மிச்சமாகும் பணத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு. நெல்லையப்பர் கோவிலில் யானை இருந்த காலத்தில் அதைப் பார்த்துவிட்டு, ரத வீதியைச் சுற்றிவிட்டு, ஒன்றும் வாங்காமல் ஊர் திரும்பும் பெண்களை அந்த பஸ்ஸில் பார்த்திருக்கிறேன். போக வரக் காசு கேட்க வேண்டியதில்லை என்றால் காரணமும் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கிராம சபையில் நீ கேட்க வேண்டியது சின்ன விஷயம். பஸ் நிறுத்தத்திலிருந்து குளத்தங்கரை வரை தெருவிளக்கு, கரையின் தொடக்கத்தில் ஒரு நிழல், உட்காரக் கல் பெஞ்சு. தண்ணீருக்கு மேல் விளக்கு வேண்டாம், பறவைகள் அடையும் இடம், அது உனக்கே தெரியும். குளம் யாருடையது என்று முதலில் விசாரித்துக்கொள். நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் இந்த அலுவலகத்திலிருந்து அந்த அலுவலகத்துக்கு உன்னை நடக்க வைத்தே களைத்துப் போகச் செய்வார்கள்.

நீ கேட்டதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னைக்குப் போ, நன்றாகப் படி. தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு எடுக்காதவர்களின் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள் என்ற பயம் உனக்கு வேண்டாம், உன் கடிதமே சாட்சி. நோட்டை மூட்டை கட்டாதே, அங்கே பறவைகள் கூடும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இருக்கிறது. இரவில் சதுரங்கம் ஆடாமல் தூங்கு. கல்யாணச் செலவு காத்திருக்கும் வீட்டில் இப்போது கேமரா கேட்காதே, சாதாரணத் தொலைநோக்கி ஒன்று போதும்.

தைக்கு முன்னால் அக்டோபர் 2 வருகிறது. அன்றைக்கு மதியச் சமையலை அப்பாவிடம் விட்டுவிட்டு, அம்மாவையும் அக்காவையும் பக்கத்து வீட்டு மதினியையும் அழைத்துக்கொண்டு போ. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். விளக்கும் பெஞ்சும் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். எழுதிய பிறகு அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பு.