4 ஜிபி ஃபைல் இல்லாமலே 4 ஜிபி லிமிட்டை டெஸ்ட் பண்றது

வாசகர் கடிதம்:

வணக்கம் சார். ஜிப் ஃபைல் எழுதவும் பிரிக்கவும் ஒரு லைப்ரரி பண்ணிட்டிருக்கோம். சைஸ் லிமிட்டுக்கு யூனிட் டெஸ்ட் வேணும்னு நிஜமாவே 4 ஜிபிக்கு மேல ஃபைல் உருவாக்கி ஓட்டினா டெஸ்ட் முடியவே மாட்டேங்குது, பில்ட் மெஷின்ல டிஸ்க்கும் ரொம்பிடுது. அந்த டெஸ்ட்டையே தூக்கிடலாம்னு டீம்ல சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. என்ன பண்ணலாம்?

பதில்:

வணக்கம். தயவுசெஞ்சு தூக்காதீங்க. மத்த பக்னா அன்னிக்கே யாராவது சொல்லிடுவாங்க, சைஸ் லிமிட் பக் அப்படி இல்ல, எந்த எர்ரரும் இல்லாம ஆர்க்கைவை, அதாவது ஜிப் ஃபைலை, எழுதி முடிச்சிடும், பேக்கப்பை என்னிக்கோ திறக்கும்போதுதான் உள்ள குப்பைன்னு தெரியும், அப்போ ஒரிஜினல் ஃபைல் யார்கிட்டயும் இருக்காது.

ஜிப்போட பழைய ஹெட்டர்ல (உள்ள இருக்கற ஃபைலைப் பத்தின விவரம் எழுதற பகுதி) சைஸுக்கு 32 பிட்தான் இடம், அதாவது அதிகபட்சம் 4294967295. என்ட்ரி, அதாவது உள்ள இருக்கற ஃபைல், எண்ணிக்கைக்கு 16 பிட், 65535. இதைத் தாண்டத்தான் 2001ல ஜிப்64ங்கிற விரிவாக்கம் வந்துச்சு. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, 4294967295ங்கிற நம்பரையே "நிஜ சைஸ் இங்க இல்ல, எக்ஸ்ட்ரா ஃபீல்டுல (ஹெட்டரோட சேர்க்கற கூடுதல் இடம்) பாரு"ன்னு சொல்ற அடையாளமா வச்சுட்டாங்க. அதனால சரியா அதே சைஸ்ல ஒரு ஃபைல் வந்தாலும் ஜிப்64க்குதான் போகணும். கோடுல 'பெருசா இருந்தா'ன்னு மட்டும் எழுதி 'சமமா இருந்தா'வை விட்டுட்டா அந்த ஒரே ஒரு சைஸ்ல மாட்டுவீங்க. 4294967294, 4294967295, 4294967296 மூணுக்கும் டெஸ்ட் வேணும்.

இதுக்கு டேட்டாவே வேண்டாம். ஹெட்டர் எழுதுற வேலையைத் தனி ஃபங்ஷனா பிரிச்சிடுங்க, சைஸையும் ஆஃப்செட்டையும் (ஆர்க்கைவுக்குள்ள அந்த ஃபைல் ஆரம்பிக்கிற இடம்) வெறும் நம்பரா குடுத்து, திரும்பி வர்ற பைட்டை சரிபாருங்க, கண்மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். ஆஃப்செட்டை நிறைய பேர் மறந்துடுவாங்க, ஒவ்வொரு ஃபைலும் சின்னதா இருந்தாலும் 4 ஜிபி தாண்டின இடத்துல ஆரம்பிக்கிற ஃபைலுக்கும் ஜிப்64 வேணும். எண்ணிக்கை லிமிட்டை நிஜமாவே டெஸ்ட் பண்ணிடலாம், 65536 காலி என்ட்ரி போட்டா சில எம்பிதான் ஆகும்.

அடுத்து, ஜிப்64க்கு மாறற லிமிட்டை வெளியில இருந்து மாத்தற மாதிரி வைங்க. பைத்தானோட ஜிப்ஃபைல் டெஸ்ட்ல அந்த லிமிட்டை 1000ன்னு குறைச்சு வச்சுட்டுதான் ஜிப்64 வழியை ஓட்டிப் பார்க்கறாங்க. ஆனா இதை மட்டுமே நம்பாதீங்க. சைஸ் நடுவுல எங்கயாவது ஒரு சைன்டு (நெகட்டிவும் வச்சுக்கற) 32 பிட் இன்டிஜருக்குள்ள புகுந்து வந்தா 1000 லிமிட் டெஸ்ட் பாஸாதான் இருக்கும், நிஜ ஃபைல் 2147483647ஐத் தாண்டினதும் நெகட்டிவ் ஆயிடும். அதனால நிஜ சைஸ்ல ஒரே ஒரு டெஸ்ட் தனியா இருக்கட்டும், ராத்திரி பில்ட்ல மட்டும் ஓடட்டும். அதுலயும் டிஸ்க்கைத் தொட வேண்டாம், பூஜ்யமா குடுத்துட்டே இருக்கற ஒரு போலி ஸ்ட்ரீம், வர்றதை எண்ணிட்டு தூக்கிப் போடற ஒரு அவுட்புட், போதும்.

பிரிக்கிற பக்கம்தான் எனக்கு உண்மையான கவலை. 42.ஜிப்னு கேள்விப்பட்டிருப்பீங்க, பிரிக்கறவங்க மெஷினை நிரப்பி முடக்கறதுக்குன்னே பண்ணின 42 கேபி ஃபைல், உள்ள இருக்கறதையெல்லாம் அடுக்கடுக்கா பிரிச்சா சுமார் 4.5 பெட்டாபைட். ஜிப்ல வழக்கமா சுருக்கறதுக்குப் பயன்படுற டிஃப்ளேட் முறை ஒரே அடுக்குலயே 1032 மடங்கு வரைக்கும் சுருக்கும். ஹெட்டர்ல சொன்ன சைஸை நம்பி லிமிட் செக் பண்ணா ஏமாத்தறது ரொம்ப ஈசி. ஹெட்டர்ல 10 பைட்னு பொய் சொல்லி உள்ள ஒரு எம்பி பூஜ்யம் வச்ச ஆர்க்கைவை டெஸ்ட்டுக்குன்னே பண்ணுங்க, அது கேபி கணக்குலதான் இருக்கும், ரிப்பாசிட்டரிலயே போட்டுக்கலாம். இவ்வளவு பைட்டுக்கு மேல பிரிக்கக்கூடாதுங்கிற லிமிட்டை 1000ன்னு வச்சுப் பிரிங்க. எக்செப்ஷன் வந்துச்சான்னு மட்டும் பார்த்து விட்டுடாதீங்க, மொத்தத்தையும் பிரிச்சு முடிச்சுட்டு கடைசில எக்செப்ஷன் போட்டாலும் அந்த டெஸ்ட் பாஸ் ஆயிடும். அது வர்ற நேரத்துல எத்தனை பைட் வெளிய எழுதியிருக்குன்னு டெஸ்ட்லயே சரிபாருங்க, 1000க்கு மேல ஒரு பைட் கூட இருக்கக்கூடாது. அரைகுறை ஃபைல் டிஸ்க்ல மிச்சம் இருக்கான்னும் பாருங்க.

பின்னாடி டாரும் (ஜிப் மாதிரி இன்னொரு ஆர்க்கைவ் வகை) சேர்க்கறதா இருந்தா நம்பர் மாறும், அதோட பழைய ஹெட்டர்ல சைஸ் 11 ஆக்டல் (எட்டடிமான) இலக்கம், 8589934591 வரைக்கும்தான், மத்தபடி டெஸ்ட் எழுதற முறை இதேதான்.