பிணைப்புகளும் நீரும்: உயிரியல் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகளை இணைக்கும் அயனிப்பிணைப்பு மிக வலிமையானது என்று வேதியியல் பாடம் சொல்கிறது, உயிரியல் பாடமோ அதை வலிமை குறைந்த பிணைப்புகளோடு சேர்க்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரியே, அவை பேசும் சூழல்தான் வேறு. உலர்ந்த சோடியம் குளோரைடு படிகத்தில் அயனிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால்தான் அதை உருக்க 801 டிகிரி செல்சியஸ் தேவைப்படுகிறது. அதே அயனிகள் நீருக்குள் வந்ததும், அவற்றுக்கு இடையிலான ஈர்ப்பு வெற்றிடத்தில் இருப்பதில் ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. போதாததற்கு நீர் மூலக்கூறுகளும் ஒவ்வோர் அயனியையும் தனித்தனியே சூழ்ந்துகொள்கின்றன. செல்லின் வேதியியல் பெரும்பாலும் நீரில் நடப்பது என்பதால், எந்த ஊடகத்தில் என்று குறிப்பிடாமல் ஒரு பிணைப்பின் வலிமையைப் பேசுவது அரைகுறையான பேச்சு என்பேன்.

கேள்வி: நீர் மூலக்கூறின் மொத்த மின்சுமை சுழி. பிறகு அது முனைவுற்றது எப்படி?

பதில்: மொத்தம் சுழிதான், பரவல் சமமாக இல்லை. ஒரு முனையில் சற்று எதிர்மின்சுமையும் மறுமுனையில் சற்று நேர்மின்சுமையும் இருப்பதையே முனைவுற்றது என்கிறோம். ஆக்சிஜனின் எலக்ட்ரான் கவர்தன்மை, அதாவது எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறன், 3.44, ஹைட்ரஜனுடையது 2.20. பங்கிட்ட எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் பக்கமே சாய்கின்றன. வடிவமும் முக்கியம்: கார்பன் டை ஆக்சைடின் பிணைப்புகளும் முனைவுற்றவையே, ஆனால் அது நேர்கோட்டு மூலக்கூறு என்பதால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. நீரோ 104.5 பாகையில் வளைந்திருப்பதால் அதன் பிணைப்புகள் அப்படி ஈடாகிவிடுவதில்லை.

கேள்வி: ஹைட்ரஜன் பிணைப்பு வலுவற்றது என்றால், டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் பிரியாமல் இருப்பது எப்படி?

பதில்: ஒரு மூலக்கூறில் சற்று நேர்மின்சுமை கொண்ட ஹைட்ரஜனை ஆக்சிஜன், நைட்ரஜன் போன்ற வேறோர் அணு ஈர்ப்பதே ஹைட்ரஜன் பிணைப்பு. நீரின் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் சகப்பிணைப்பை (எலக்ட்ரான்களைப் பங்கிடும் பிணைப்பை) முறிக்க மோலுக்குச் சுமார் 460 கிலோஜூல் வேண்டும், நீர் மூலக்கூறுகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புக்குச் சுமார் 20 போதும். டி.என்.ஏ. இழைகளில் காரங்கள் எனப்படும் அலகுகள் இணைசேரும்போது, அடினின்–தைமின் இணையில் இரண்டு, குவானின்–சைட்டோசின் இணையில் மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகள் எனப் பெருந்தொகையாகச் சேர்வதால் வலிமை கிடைக்கிறது என்பதே வழக்கமான விடை. அது முழு விடையன்று. பிரிந்து நிற்கும் காரங்கள் நீரோடும் ஹைட்ரஜன் பிணைப்பு கொள்ளக்கூடியவை. ஆகவே இணைசேர்வதால் கிடைக்கும் நிகர ஆதாயம் நாம் நினைப்பதைவிடச் சிறியது. தட்டையான காரங்கள் நீரை விலக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதே இரட்டைச் சுருளின் நிலைத்தன்மைக்குப் பெரும்பங்கு அளிக்கிறது. எந்தக் காரம் எதனோடு சேரும் என்பதைத் தீர்மானிப்பதில்தான் ஹைட்ரஜன் பிணைப்பின் தனிச்சிறப்பு இருக்கிறது. தேர்வில் இதையும் ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: செல்லுக்கு ஆற்றல் வழங்கும் மூலக்கூறான ஏ.டி.பி.யின் பாஸ்பேட் பிணைப்பு முறியும்போது ஆற்றல் வெளிப்படுகிறது என்பது சரியா, ஐயா?

பதில்: இல்லை. எந்தப் பிணைப்பை முறிக்கவும் ஆற்றலைச் செலவிட்டே ஆக வேண்டும். ஏ.டி.பி. நீருடன் வினைபுரியும்போது பழைய பிணைப்புகள் முறிந்து புதியவை உருவாகின்றன. எதிர்மின்சுமைகளுக்கு இடையிலான விலக்கம் தணிகிறது. விளைபொருள்களை நீர் மேலும் நன்றாகச் சூழ்ந்து நிலைப்படுத்துகிறது. இவை அனைத்தின் நிகர விளைவாகவே, திட்ட நிலையில் மோலுக்குச் சுமார் 30.5 கிலோஜூல் கட்டற்ற ஆற்றல், அதாவது வேலை செய்யப் பயன்படும் ஆற்றல், கிடைக்கிறது.

கேள்வி: தூய நீரின் பி.எச். எப்போதும் 7 தானே?

பதில்: பி.எச். என்பது ஹைட்ரஜன் அயனிகளின் செறிவைக் காட்டும் அளவு; தூய நீருக்கு அது 7 ஆவது 25 டிகிரி செல்சியசில் மட்டும். வெப்பநிலை உயர்ந்தால் நீர் சற்று அதிகமாக அயனியாகும். 37 டிகிரியில் அதன் பி.எச். ஏறத்தாழ 6.8. ஹைட்ரஜன், ஹைட்ராக்சைடு அயனிகளின் செறிவு அப்போதும் சமமாகவே இருப்பதால் அந்த நீர் நடுநிலையானதே. அமிலம் என்று எழுதிவிட வேண்டாம்.