கேமராவில் ஒரு கணக்கு, கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு

கேள்வி: கல்யாணப் படங்கள் எடுப்பவன், எப்போதும் ரா ஃபார்மட்டில்தான் (சென்சார் பிடித்ததை அப்படியே சேமிக்கும் ஃபைல்). முகூர்த்தப் புடவையின் சிவப்பு, கேமரா ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் போய் முட்டுகிறது, அதாவது அளவு மீறிவிட்டது என்கிறது. லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் திறந்தால் முட்டவே இல்லை. கேமராவில் கோளாறா? (கும்பகோணம்)

பதில்: கோளாறு இல்லை. இது என் பல வருடப் புலம்பல், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ராவில் எடுத்தாலும் கேமரா காட்டுவது ராவின் கணக்கை அல்ல. அந்த ஃபைலுக்குள், கேமராவே பதப்படுத்திய ஒரு ஜேபெக் படமும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் கணக்கைத்தான் காட்டுகிறது. ஜேபெக் உருவாகும்போது வெள்ளை வெள்ளையாகவே தெரிய (ஒயிட் பேலன்ஸ்) சிவப்பையும் நீலத்தையும் பெருக்கி, பிக்சர் ஸ்டைல் என்ற படத் தோற்ற அமைப்புக்காகக் கான்ட்ராஸ்டை ஏற்றி, எஸ்ஆர்ஜிபி என்ற சின்ன டப்பாவுக்குள் நிறங்களை அடைப்பார்கள். பட்டுச் சிவப்பு அதில் அடங்காது. லைட்ரூமின் டெவலப் பகுதியோ மிகப் பெரிய டப்பாவில் கணக்குப் போடுகிறது; அதே சிவப்புக்கு அங்கே தாராளமாக இடம் உண்டு. ஆல்பத்துக்காக எஸ்ஆர்ஜிபியில் எக்ஸ்போர்ட் செய்தால் திரும்பவும் முட்டலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

14 பிட் ராவில் ஒவ்வொரு புள்ளிக்கும் 16,384 படிகள். ஜேபெக்கில் நிறத்துக்கு 256. லட்ச ரூபாய் வாங்கிக்கொண்டு முதலாவதை விற்கிறார்கள், இரண்டாவதன் கணக்கைக் காட்டுகிறார்கள். முடியாதா என்ன? கறுப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும் லைக்கா எம் மோனோக்ரோமில் ரா கணக்கே தெரியும் (விலையைக் கேட்காதீர்கள்). கேனானின் சில மாடல்களில், வெளியாட்கள் எழுதிய மேஜிக் லேன்டர்ன் என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டிவிடுகிறது. கேமரா கம்பெனிகளுக்கு மனம்தான் இல்லை. அதுவரை பிக்சர் ஸ்டைலை நியூட்ரலில் வைத்து, கான்ட்ராஸ்டையும் குறையுங்கள். இரண்டு கணக்கும் கொஞ்சம் கிட்டே வரும்.

கேள்வி: இந்த வித்தியாசம் போகட்டும் என்று 28,000 ரூபாய்க்குப் புது மானிட்டர் வாங்கினேன். போகவில்லை. (திருப்பூர்)

பதில்: எப்படிப் போகும்? ஹிஸ்டோகிராம் ஃபைலில் உள்ள எண்களை எண்ணிப் போடுவது. திரையை மாற்றினால் எண் மாறுமா? வாங்குவதற்கு முன்னால் எழுதியிருக்கலாம்.

கேள்வி: எனக்கு வேறொரு வித்தியாசம். நிக்கான் கேமராவில் வெளிச்சமாகத் தெரியும் படம் கம்ப்யூட்டரில் இருட்டாக இருக்கிறது. (நாகர்கோவில்)

பதில்: மெனுவில் ஆக்டிவ் டி-லைட்டிங் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது எக்ஸ்போஷரைக் குறைத்து எடுத்து, நிழலை ஜேபெக்கில் மட்டும் தூக்கிக் காட்டும் வேலை.

கேள்வி: இதே வித்தியாசத்தைச் சர்வீஸ் கடையில் காட்டினேன். 'சென்சார் காலிபரேஷன்' என்று 4,500 ரூபாய் வாங்கினார்கள். எதுவும் மாறவில்லை. கேட்டால், "லென்ஸும் போச்சு சார்" என்கிறார்கள். என் முட்டாள்தனம்தானே? (மதுரை)

பதில்: உங்கள் முட்டாள்தனம் இல்லை. இல்லாத வியாதிக்கு மருந்து விற்றவர்தான் வெட்கப்பட வேண்டும். என் கதையைக் கேளுங்கள். என் முதல் டிஜிட்டல் கேமரா எல்லாவற்றையும் வெளுக்கிறது என்று ஒரு கடைக்காரர் சொன்னார். 30,000-க்கு வாங்கியதை 9,000-க்கு அவரிடமே தள்ளிவிட்டு வந்தேன். பழைய படங்களின் விவரங்களைப் பிறகு ஒருநாள் புரட்டியபோதுதான் தெரிந்தது, கான்ட்ராஸ்டை உச்சத்தில் வைத்து எடுத்திருக்கிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். ராவும் ஜேபெக்கும் சேர்த்து ஒரு படம் எடுங்கள். அந்த ஜேபெக்கை, லைட்ரூமின் டெவலப் பகுதியில் அல்லாமல், எஸ்ஆர்ஜிபியிலேயே கணக்குக் காட்டும் மென்பொருளில் திறந்தால் கேமரா காட்டிய வரைபடம் ஏறக்குறைய அப்படியே வர வேண்டும். வந்தால் கேமரா நலம், அதுவே உங்கள் ஆதாரம். பில் தரவில்லையா? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதுவே முறையற்ற வணிகம். பணத்தை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்யுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. லென்ஸை மட்டும் அந்தக் கடையில் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: ஹிஸ்டோகிராம் சரியாகக் காட்டும் கேமரா 60,000-க்குள் எது? (சேலம்)

பதில்: எனக்குத் தெரிந்து புதியதில் எதுவும் இல்லை. இருக்கிறது என்று கடையில் சொன்னால் ரா கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.